ஆளுக்கு ஒரு கை ஆயில்

கறுப்பு ஜெர்மன் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார் என் வீட்டுக்காரர். வெளியே தெரிந்தது முதுகும், மடித்துக் கட்டிய கைலியும் மட்டும்தான். பக்கத்தில் மெக்கானிக் முத்தையா டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிட்டு அடி முத்தையா. இல்ல, இங்கிட்டு... அந்தக் குழாய்க்கு ஓரமா."

"எங்கிட்டு அடிச்சாலும் இல்லண்ணே. கம்பியே வைக்காம விட்டுட்டான் போல."

அவர்கள் தேடியது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை. உருவ வேண்டும், பழைய துணியில் துடைக்க வேண்டும், திரும்ப உள்ளே விட்டு எடுக்க வேண்டும், முனையில் ஒட்டியிருப்பதை இரண்டு விரலால் நசுக்கி மோந்து பார்க்க வேண்டும். முப்பது வருஷமாக இவர் காலையில் சாமி கும்பிடுவதற்கு முன்னால் செய்கிற பூஜை அது. இந்தக் காரில் அந்தக் கம்பியே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது, அதில் காரே தன் ஆயில் அளவைச் சொல்லிவிடும்.

இவருக்கு அது பிடிக்கவில்லை. "குடிச்சவன்கிட்டயே போயி, குடிச்சியாடான்னு கேக்குற மாதிரியில்ல இருக்கு" என்றார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக் கதை எழுதினேன். இந்த வாரம் வீட்டுக் கதை. இந்தப் பத்திரிகையில் ராசிபலனைத் தவிர வேறு எதையும் இவர் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எதற்கு அந்தக் கார்

நான் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இவர் போர்வெல் லாரி வைத்திருந்தவர். அன்னவாசலில் சொந்த வீடு, பின்னால் லாரியை நிறுத்தி அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி. இருந்த லாரியையும் விற்றுவிட்டுச் சும்மா இருக்க வேண்டிய மனுஷன், திருச்சியில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய ஜெர்மன் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நமக்கு எதுக்குங்க இது?" என்றேன்.

"வளர்மதி வீட்டுக் காதுகுத்துக்குப் போகணும்ல" என்றார்.



வளர்மதி இவருடைய ஒரே தங்கை. திருமயம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த மகளுக்குக் காது குத்தினார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. இவரும் சீர்த் தட்டுகளோடு எங்கள் பழைய வேனில் கிளம்பினார். வேனில் ஆயில் குறைந்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்ப, நடுவழியில் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை காதில் தோடு ஆடிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் தவறிவிடும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தி, இவருடைய சித்தப்பா மகன் ஒருவரை மணையில் உட்கார வைத்து முடித்துவிட்டார்கள். இவர் தட்டுகளை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போண்ணே" என்று வளர்மதி ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தாள். இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

விசேஷ வீட்டிலிருந்து அண்ணன் சாப்பிடாமல் போனதை அவளால் தாங்க முடியவில்லை. தன் இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்ததை இவரால் தாங்க முடியவில்லை. அதோடு பேச்சு நின்றுபோனது. எங்காவது கல்யாணத்தில் எதிரெதிரே வந்தால், இவர் மண்டபத்து மின்விசிறியைப் பார்ப்பார், அவள் வாழை மரத்தைப் பார்ப்பாள். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்த் தனித்தனியாக அழுவார்கள். இவர் அழுததை எழுதினேன் என்று யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது அவளுடைய சின்ன மகளுக்குக் காதுகுத்து. அழைப்புப் பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு இவர் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்திருந்தாள். கொண்டுவந்து கொடுத்தது அவள் வீட்டுக்காரர். அன்று சாயந்தரமே எனக்குப் போன் வந்தது.

"அண்ணி, அண்ணன் வருமா?"

"வருவாரு வளரு."

"நேரத்துக்கு வருமா?"



பாய் சொன்ன நம்பர்

காருக்கு ஆயில் மாற்றாமல் இவ்வளவு தூரம் எடுக்கக் கூடாது என்பதில் இவருக்கும் முத்தையாவுக்கும் ஒரே கருத்து. எந்த ஆயில் என்பதில் ஊரில் ஆளுக்கு ஒரு கருத்து. டீக்கடையில் ஒருவர் டிராக்டர் ஆயில்தான் பலம் என்றார். இன்னொருவர், ஜெர்மன் காருக்கு ஜெர்மனியில் இருந்துதான் வரவழைக்க வேண்டும் என்றார். அவரிடம் இருப்பது சைக்கிள்.

முத்தையா கெட்டி ஆயில் கட்சி. "தேன் மாதிரி இருக்கணும்ணே. தண்ணி மாதிரி ஓடுனா அது ஆயிலே இல்ல." டிராக்டருக்கும் லாரிக்கும் பார்த்தே பழகிய கை அவருக்கு. இவருக்கும் அதே மனசுதான்.

நான்தான் பிடிவாதமாகப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீழ ராஜ வீதிப் பக்கம் பாய் ஒருவர் ஆயில் கடை வைத்திருக்கிறார். கோட்டைப்பட்டினத்துக்காரர். துபாயில் பெரிய பெரிய கார்களுக்கு ஆயில் மாற்றும் இடத்தில் இருந்துவிட்டு வந்தவர். விஷயம் தெரிந்தவர்தான், ஆனால் அது தனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"நான் துபாய்ல இருந்தப்ப" என்று ஆரம்பித்தார். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சீக்கிரம் முடியாது என்று புரிந்துவிட்டது.

"டப்பாவுக்கு முன்னால இருக்குற படத்தப் பாக்காதீங்க. பின்னால திருப்புங்க. இந்தா, அஞ்சு டபிள்யூ முப்பதுன்னு போட்டிருக்கா? முன்னால உள்ள நம்பர், வண்டி குளுந்து கெடக்கயில ஆயிலு எவ்வளவு லேசா ஓடும்கிறதுக்கு. பின்னால உள்ளது, சூடேறுனப்பொறம் எவ்வளவு கெட்டியா நிக்கும்கிறதுக்கு."

"குளுரா? அன்னவாசல்லயா?" என்றார் இவர்.

"ராத்திரி பூரா நின்ன வண்டி எந்த ஊர்லயும் குளுந்த வண்டிதாங்க. காலைல சாவியப் போட்ட ஒடனே ஆயிலு மேல ஏறணும். ஒங்க காருக்குள்ள ஓட்டையெல்லாம் ஊசி மொனை மாதிரி. கெட்டி ஆயிலு அதுல எப்புடி ஏறும்?"

எனக்கு உடனே பிடிபட்டது. சளி மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை ஊசியில் ஏற்ற முடியாதே. இவருக்குப் பிடிபடவில்லை. "இருந்தாலும் கெட்டியா இருந்தா பலந்தானே பாய்?"

"கம்பெனி ஒத்துக்கிட்ட நம்பர்னு ஒண்ணு இருக்கு, அதையும் பாருங்க. இந்தக் காருக்கு இந்த நம்பர் போட்ட டப்பாதான். விலை ஒசந்ததெல்லாம் ஒங்க வண்டிக்கு ஒத்துவரும்னு இல்ல. சீல் ஒடையாம இருக்கான்னும் பாத்துக்கங்க, போலி நெறைய சுத்துது." பாய் மூச்சு விட்டுக்கொண்டார். "இல்ல, கெட்டியாத்தான் ஊத்துவேன்னா ஊத்துங்க. ஒரு நாளு வழியில நிக்கும்."

வழியில நிக்கும் என்றதும் இவர் முகம் மாறிவிட்டது. அறிவியலுக்கு அசையாத மனுஷன் அந்த இரண்டு வார்த்தைக்கு எழுந்து நின்றார். "குடுங்க பாய். அதையே குடுங்க."

"ஆறரை லிட்டர் கொள்ளும். ஏழு எடுத்துக்கங்க, மிச்சத்த மூடி வச்சிருங்க."

"எட்டாக் குடுங்க. கைக்காவலா ஒண்ணு இருக்கட்டும்" என்றார் இவர்.

திரும்பி வரும்போது டப்பாக்களை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சரியான ஆயில் கிடைத்துவிட்டது என்று எனக்கும் நிம்மதிதான்.

இந்தக் குடும்பத்துக் கை

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து திணறிப் போனேன். போதும் என்றால் இவர்களுக்குக் காது கேட்காது. இலைக்கு மேல் ஒரு கையை மறித்தேன், ஓரமாக ஊற்றினார்கள். இரண்டு கையையும் மறித்தேன், விரல் இடுக்கில் ரசம் இறங்கியது.

அதில் வளர்மதி தனி ரகம். அவள் கையில் கரண்டி கொடுத்தால் இலை தெரியாது, சோறு தெரியாது, குழம்பு மட்டும்தான் தெரியும். அளவாகப் பரிமாறுவது கஞ்சத்தனம் என்பது இந்தக் குடும்பத்துக் கொள்கை. நான் வேலை பார்த்த இடத்தில் அரைக் கரண்டி மருந்து கூடினால் ஆபத்து. வீட்டுக்கு வந்தால் எட்டுக் கரண்டி சாம்பாருக்கும் குறைவாகப் போட்டால் அவமரியாதை. முப்பது வருஷம் இரண்டு இடத்திலும் குப்பை கொட்டியிருக்கிறேன்.

குழியடியில்

காதுகுத்துக்கு முதல் நாள் சாயந்தரம் குழியின் மேல் காரை நிறுத்தி, பழைய ஆயிலை இறக்கி, பில்டரை மாற்றினார் முத்தையா. நான் உள்ளே சீர்த் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே சிரிப்பும் சத்தமும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டால் வந்தவர்கள் எல்லோரும் ஒரு செங்கல் எடுத்து வைப்பார்கள். கிணறு தோண்டினால் ஆளுக்கு ஒரு வெட்டு வெட்டுவார்கள். நல்ல காரியத்தில் நாலு கை பட வேண்டும். காருக்கு ஆயில் ஊற்றுவதும் நல்ல காரியம் என்று இவர் முடிவு செய்துவிட்டார் போல. பங்காளிகள், பக்கத்து வீட்டுக்காரர், சீர் ஏற்ற வந்த மினி லாரி டிரைவர் என்று நின்ற எல்லோரையும் கூப்பிட்டு, "வாங்க, ஆளுக்கு ஒரு கை ஊத்துங்க" என்று விட்டார். ஒவ்வொருவரும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊற்றியிருக்கிறார்கள். கடைசியாக வந்தவருக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? கைக்காவல் டப்பாவையும் உடைத்துவிட்டார்கள்.

நான் வெளியே வந்தபோது காலி டப்பாக்கள் சுவரோரம் வரிசையாக நின்றன.

"எட்டு லிட்டருமா ஊத்துனீங்க? ஆறரைதானே பாய் சொன்னாரு?"

"ஊத்துனது கொண்டுக்கிருச்சுல்ல? கொள்ளலேன்னா வெளிய வழிஞ்சிருக்கும்" என்றார் இவர்.

"கொள்ளுறதெல்லாம் அளவாயிருமா? புள்ளை ஒரு பாட்டில் மருந்தையும் குடிக்கத்தான் செய்யும், அதுக்காகக் குடுத்துருவீங்களா?"

"நீ மாத்திரை எண்ணுற வேலையப் பாரு. அன்னைக்கு ஆயிலு கொறஞ்சுதான் என் மானம் போச்சு. இன்னைக்குக் கூட இருந்துட்டுப் போகட்டும்."

"கூடுதலா உள்ளதக் கொஞ்சம் எறக்கிருவமாண்ணே?" என்று முத்தையா மெல்லக் கேட்டார்.

"நாலு பேரு வாழ்த்தி ஊத்துனத எறக்குறதா? அபசகுனமால்ல இருக்கும்!"

திரையில் அளவு பார்க்கலாமே என்றேன். சாவியைப் போட்டார். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் சொல்வேன் என்று கார் எழுத்துக் காட்டியது. "பாத்தியா, கேட்டா ஒடனே சொல்லாது. இதுக்குத்தான் கம்பி வேணும்கிறது" என்று அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

விளக்கு எரிந்தது

காலையில் பட்டுச் சட்டை, பட்டு வேட்டியோடு இவரே ஸ்டியரிங் பிடித்தார். பக்கத்தில் முத்தையா, பின்னால் தோடு வைத்த தட்டோடு நான். எங்களுக்குப் பின்னால் மினி லாரியில் சீர்த் தட்டுகள், வாழைத்தார், மேளக்காரர்கள், மாலை போட்ட ஒரு ஆட்டுக்கிடா.

புதுக்கோட்டை தாண்டியதும் டிங் என்று ஒரு சத்தம். இவருக்கு முன்னால் மஞ்சளாக ஒரு படம் எரிந்தது. மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், அதன் நுனியில் ஒரு சொட்டு.

"வெளக்கு மாதிரியில்ல இருக்கு?" என்றார் இவர். "பாத்தியா, நல்ல காரியத்துக்குப் போறோம்னு வண்டியே வெளக்கேத்துது!"

"அண்ணே, அது ஆயிலு வெளக்கு..." என்று முத்தையா இழுத்தார். என்னவென்று நான் கேட்பதற்குள் பின்னால் மினி லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. விடாமல் அடித்தது. "சீர் வண்டிக்கு என்ன அவசரம்? தாய்மாமன் வண்டிதான் முன்னால போகணும்" என்று இவர் இன்னும் அழுத்தினார். நமணசமுத்திரம் தாண்டி ஒருவழியாக லாரி பக்கத்தில் வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, பின்னாடி பாருங்கண்ணே! கொசு மருந்து வண்டி மாதிரி பொகை போகுது!"

திரும்பிப் பார்த்தேன். ரோட்டையே காணோம்.

ஓரங்கட்டினார். நான் பாய்க்குப் போன் போட்டேன். பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று. எட்டு என்றேன்.  முதல்முறையாக அவர் பேச்சில் துபாய் வரவில்லை.

"ஒடனே அணைங்கம்மா. ஒரு அடி கூட ஓட்ட வேணாம். கூடுதலா ஊத்துனா உள்ள சுத்துறது ஆயில மோர் கடையுற மாதிரி கடஞ்சிரும். நுரை கட்டும். நுரை எப்புடிங்க இஞ்சினக் காப்பாத்தும்?"

எந்த ஆயில் என்று ஊரே சண்டை போட்டு, சரியானதைக் கண்டுபிடித்து, அதையே வில்லங்கமாக்கி வைத்திருந்தோம்.

கிடாயும் இவரும்

இவர் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"கொறஞ்சு ஒரு தடவ, கூடி ஒரு தடவ. எனக்கு அந்த மடி குடுத்து வைக்கல" என்றார். "நீ போயி தோட்டக் குடுத்துரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"ஏங்க, வளரு கார் வேணும்னா கேட்டா? அண்ணன் வருமான்னுதானே கேட்டா? மறுபடியும் அவ வீட்டுச் சோத்தத் தொடாம திரும்பப் போறீங்களா? எந்திரிங்க. லாரியில ஏறுங்க!"

"கிடா ஏத்துன வண்டியிலயா?"

"கிடாயே ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்கு என்ன?"

முத்தையா காருக்குக் காவல் நின்றார். காரைப் பிறகு திருச்சிக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். கூடுதலை இறக்கியதும் பிழைத்துக்கொண்டது. அது கிடக்கட்டும். லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது, தோட்டுத் தட்டோடு நான் ஏறிக்கொண்டேன். இவர் பின்னால் ஏறி, ஒரு கையில் வாழைத்தாரையும் ஒரு கையில் கிடாயின் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றார். மேளக்காரர்கள் சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். திருமயம் கோட்டையைக் கடக்கும்போது பஸ் ஸ்டாப்பில் நின்ற சனம் மொத்தமும் சாமி ஊர்வலம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தது. இவர் முகத்தை மாலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மாலையோ கிடாயின் கழுத்தில் இருந்தது.

காதுகுத்து நடக்கும் குலதெய்வம் கோயில் வாசலில் போய் நின்றபோது நேரம் முடிந்திருந்தது. லாரி நிற்கும் முன்பே இவர் குதித்தார். கோயில் முற்றத்தில் மணை போட்டிருந்தது. அதில் யாரும் இல்லை. அந்தச் சித்தப்பா மகன் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். காது குத்த வந்த ஆசாரி தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பிள்ளை அவள் அம்மா தோளில் தூங்கியிருந்தாள்.

இவர் மணையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சுருச்சா வளரு?"

"அவுக அவுக கடியாரத்துல முடிஞ்சிருக்கும்" என்றாள் வளர்மதி. பெரியவர்கள் பக்கம் ஒரு முறை முறைத்தாள். அவர்களிடம் அவள் எவ்வளவு சண்டை போட்டிருப்பாள் என்று அதிலேயே தெரிந்தது. "நீ ஒக்காருண்ணே."

அப்புறம்தான் அவள் லாரியைப் பார்த்தாள், கிடாயைப் பார்த்தாள், இவர் பட்டு வேட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்தாள். "ஜெர்மனி கார்ல வருவேன்னு ஊரெல்லாம் சொல்லிவச்சிருந்தியாமே? இதானாண்ணே அது?" என்று சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தினார்கள். பிள்ளை போட்ட சத்தத்தில் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிள்ளையை விட அதிகமாக அழுதது தாய்மாமன். இதையும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இலை

பந்தியில் நான் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாளியும் கரண்டியுமாக வளர்மதியே வந்தாள். என் இலைக்கு இரண்டு கையையும் முன்கூட்டியே மறித்துவிட்டேன், அனுபவம்.

இவர் மறிக்கவில்லை. ஒரு கரண்டி கறிக்குழம்பு ஊற்றினாள். இன்னொரு கரண்டி. சோற்று மேடு கரைந்து சரிந்தது.

"போதும் வளரு, வழியுது பாரு" என்றேன் நான்.

"எங்க அண்ணன் சொல்லட்டும் அண்ணி, நிறுத்துறேன்."

அவள் கரண்டியைச் சரித்தபடி நின்றாள். இவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். குழம்பு இலையின் ஓரத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, பட்டு வேட்டியில் சொட்ட ஆரம்பித்தது. கடைசி வரைக்கும் போதும் என்று இவர் சொல்லவே இல்லை.